இரண்டாவது நட்டு

வாயில் டார்ச் இருந்ததா இல்லையா என்பதில்தான் எல்லாம் நின்றது. மருதாசலம் கோத்தகிரி கிளப்பின் புல்வெளியில், யாரோ கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நேற்று சாயங்காலத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு ஷெட். பழைய ஆஸ்டின் காரின் முன்கதவு இரண்டும் திறந்து கிடக்கின்றன. அவர் மல்லாந்து படுத்திருக்கிறார், தலை பெடல்களுக்கு நடுவே, கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே. டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஆம்ப் மீட்டரின் முதுகைத் தடவுகிறார். அந்த முதுகில் இரண்டு திருகாணிகள், ஆளுக்கு ஒரு ஒயர், ஒயரைப் பிடித்து நிறுத்த ஆளுக்கு ஒரு நட்டு. முதல் நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கியாயிற்று. அது நிச்சயம். டார்ச்சை வாயில் கவ்வியிருந்தார், பல்லில் அதன் தகரச் சில்லிப்பு, கடைவாயில் எச்சில் ஒழுகிக் காதுக்குள் இறங்கியது, அதெல்லாம் நிச்சயம். இரண்டாவது நட்டை விரலால் சுற்றிக் கொண்டுபோய் நிறுத்தினார். அதுவும் நிச்சயம். அப்போதுதான் அம்சவேணி வாசலிலிருந்து கூப்பிட்டாள். "ஏனுங்க, தாரணி வந்துட்டா. எந்திரிச்சு வாங்க, காப்பி ஆறுது." எழுந்து போனார். காப்பி குடித்தார். மச்சினியிடம் பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டார். அப்புறம்? அப்புறம் மறுபடி படுத்து, இரண்டாவது நட்டில் ஸ்பேனரைப் பொருத்தி, அது இதற்குமேல் வரமாட்டேன் என்று இறுகி நிற்கும்வரை திருகிய காட்சியும் கண்ணில் இருக்கிறது. அந்த இறுக்கம் மணிக்கட்டில்கூட இருக்கிறது. ஆனால் அந்தக் காட்சியில் வாயில் டார்ச் இல்லை. கதவு வழியாகப் பகல் வெளிச்சம் வந்து மூக்கின் மேல் விழுகிறது. பகலென்றால் அது நேற்று இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, மீட்டர் அதன் குழியில் உட்காருகிறதா என்று பொருத்திப் பார்த்துவிட்டுக் கழற்றினாரே, அந்த நாள். அப்படியானால் நேற்று?

இதைப்போல ஒரு சந்தேகம் வேறு யாருக்காவது வந்திருந்தால் போனை எடுத்து, அம்மணி, வண்டியை ஓரமாக நிறுத்து, அந்த நட்டை ஒருதடவை தொட்டுப் பார் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். மருதாசலத்தால் அது முடியாது. போன் பண்ணமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். அதுவும் சும்மா வாய்ச் சத்தியம் இல்லை, சாப்பாட்டு மேசையில் அவர் கையை இழுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டு மனைவி அம்சவேணி வாங்கிய சத்தியம். பழைய கார் வைத்திருக்கிற பெண்கள் வருஷத்துக்கு ஒருமுறை மேட்டுப்பாளையத்தில் கூடி, அங்கிருந்து மலையேறிக் கோத்தகிரிவரை ஓட்டி வருவார்கள்; இன்றைக்கு அந்த நாள். பந்தயம் என்று பெயரில்லை, ஆனால் மார்க் உண்டு, கோப்பை உண்டு. சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்ததற்கு மார்க், வண்டியில் எத்தனை பாகம் பிறந்தபோது இருந்தபடியே இருக்கிறது என்பதற்கு மார்க். அம்சவேணி பள்ளிச் சீருடை தைக்கிற யூனிட் நடத்துகிறவள். பகலெல்லாம் மெஷின் சத்தத்துக்கு நடுவே நிற்கிறவளுக்கு இந்த ஒரு ஆசை. அந்த ஆஸ்டினை அவளே தேடி, அவளே பேசி, அவளே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். ஓட்டுவது அவள், கழற்றி மாட்டுவது இவர். எதிரே வருகிற ஒவ்வொரு லாரியும் கடைசி நொடியில் தன் பக்கம் திரும்பிவிடும் என்று தோன்ற ஆரம்பித்தபின் மருதாசலம் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. போன வருஷமும் அவள் இந்தக் கூட்டத்தில் ஓட்டினாள். அவள் கிளம்பின கொஞ்ச நேரத்தில் இவருக்குப் பெட்ரோல் வாடை அடித்த மாதிரி ஒரு நினைப்பு. மேட்டுப்பாளையத்தில், அவள் வண்டி நின்றிருந்த இடத்தில், குனிந்து தரையை முகர்ந்துகூடப் பார்த்தார். போன் பண்ணினார். அவள் மலைப்பாதையில் குஞ்சப்பனைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, டியூபை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்து, கடைசி ஆளாக வந்து சேர்ந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் காரின்மேல் உறையைப் போட்டு மூடினாள். மழைக்காலம் முழுக்க அந்த உறையை எடுக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

காஸ் சிலிண்டரை மூடினோமா என்று பழனிவரை போன பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி வந்தவர் அவர். மூடித்தான் இருந்தது. வேலை பார்த்த மில்லில் ஸ்டோர் ரூமைப் பூட்டிவிட்டு சைக்கிள் ஸ்டாண்டுவரை வந்து, போய் இழுத்துப் பார்த்து, மறுபடி ஸ்டாண்டுக்கு வந்து, மறுபடி போய் இழுத்துப் பார்ப்பார். பூட்டித்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் பூட்டித்தான் இருந்தது, மூடித்தான் இருந்தது, அணைத்துத்தான் இருந்தது. அதை எண்ணிப் பார்த்தால் இந்த நட்டும் இறுகித்தான் இருக்கவேண்டும். இத்தனை காலம் பயந்து பயந்து ஒருதடவைகூடச் சரியாக வராதவன் இன்றைக்கு மட்டும் ஏன் சரியாக வரப்போகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்னதும் ஒரு மூச்சுக்கு நெஞ்சு லேசானது. அடுத்த மூச்சில், எல்லாம் பூட்டி இருந்ததற்குக் காரணம் நீ பயந்து பயந்து பூட்டினதுதானே, நேற்றுப் பயப்படவில்லையே, நேற்று காப்பி குடிக்கப் போய்விட்டாயே என்றது அதே நெஞ்சு.

நேற்று பயப்படவில்லை என்பது உண்மை. நேற்று சந்தோஷமாக இருந்தார், அதுதான் வினையோ என்னவோ. அந்த மீட்டர் கிடைத்தது அப்படி. வண்டி வந்தபோது அந்த இடத்தில் யாரோ ஒரு பிளாஸ்டிக் மீட்டரைச் செருகி, ஓட்டை பெரிதாக இருந்ததால் சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். போன வருஷம் மார்க் போட வண்டியைப் பார்க்க வந்த ஜட்ஜ் அந்த டேப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அம்சவேணியின் முகம் சுருங்கியதை மருதாசலம் பார்த்தார். மழைக்காலத்தில், உறை மூடிய வண்டி ஷெட்டில் கிடக்கும்போது, அவளிடம் சொல்லாமல் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளுக்கு நடக்க ஆரம்பித்தார். குவியல் குவியலாகக் கிடக்கும் துருவுக்குள் கையை விட்டுத் துழாவி, ஒருநாள் உள்ளங்கையில் அடங்குகிற அந்த வட்டம் அகப்பட்டது. நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல். பேட்டரிக்குள் கரண்ட் ஏறினால் ஊசி கூட்டல் பக்கம் சாயும், இறங்கினால் கழித்தல் பக்கம். கண்ணாடி உடைந்திருந்தது. ஊசி கழித்தல் பக்கம் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. வீட்டு மொட்டைமாடியில் துணி விரித்து, விளிம்பு வளையத்தின் மடிப்பை நகவெட்டியின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திக் கழற்றினார். உள்ளே குளவி கூடு கட்டி, காய்ந்து, மண்ணாகக் கிடந்தது. ஓவியம் வரைகிற பிரஷ்ஷால் மண்ணைத் துடைத்து, காதுகுடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு முகப்பைத் துடைத்தார். அழுத்தினால் எழுத்துப் போய்விடும், அழுத்தாவிட்டால் கறை போகாது. எழுத்தின்மேல் பெயிண்ட் அடிக்கலாம் என்று உக்கடத்துக் கடைக்காரன் சொல்லியிருந்தான். இவர் சம்மதிக்கவில்லை. மங்கினாலும் பழைய எழுத்தே இருக்கட்டும். கண்ணாடிக் கடையில் வட்டமாக வெட்டி வாங்கி வந்தார். வளையத்தைப் பித்தளைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தார். ஒரு பேட்டரியையும் பல்புகளையும் வைத்து, பல்பு ஏற்ற ஏற்ற ஊசி நகர்கிறதா என்று பார்த்தார். முதலில் ஒன்றும் இல்லை. பல்பை அணைத்துவிட்டு முகப்பின் ஓரத்தை நகத்தால் தட்டினார், மெல்ல. ஊசி தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி ஒரு நடுக்கம் நடுங்கிப் பூஜ்யத்துக்கு வந்து நின்றது; மறுபடி பல்பு ஏற்ற ஏற்றக் கழித்தல் பக்கம் சாய்ந்தது. அன்றைக்குத்தான் அம்சவேணியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "எனக்காகவா இத்தனை நாளா மாடிக்குப் போனீங்க" என்றாள். மறுநாள் காரின் உறையை எடுத்துவிட்டாள்.

அதே மீட்டர்தான் இப்போது. பழைய வண்டிகளில் ஒரு சங்கடம் உண்டு. அதை அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவளிடம் விளக்கியிருக்கிறார், அவள் ரசத்தைப் பிசைந்துகொண்டே 'ம்' கொட்டியிருக்கிறாள். வண்டியில் எரிகிற விளக்கு, ஓடுகிற எஞ்சின், எல்லாவற்றுக்குமான கரண்டும் இந்தக் குட்டி மீட்டரின் முதுகு வழியாகத்தான் போய்வரவேண்டும். நடுவில் ஃபியூஸ் கிடையாது. நட்டு இறுகியிருந்தால் ஒன்றும் இல்லை. இளகியிருந்தால் ஒயர் நுனி தொட்டும் தொடாமலும் ஆடும், ஆடுகிற இடம் சுடும், பொறி பறக்கும், அப்புறம் ஒயரின்மேல் சுற்றியிருக்கிற துணி. அது அந்தக் காலத்துத் துணி ஒயர். அதையும் மாற்றவேண்டாம், பழையதே இருக்கட்டும் என்றவர் இவர்தான். டாஷ்போர்டுக்குப் பின்னால், அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி. காலையில் கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம்வரை ஓட்டி வந்தாளே, ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு பிடி கிடைத்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சமவெளி ரோடு, பட்டப்பகல், விளக்குப் போடவில்லை. எஞ்சினுக்கு மட்டும் எவ்வளவு கரண்ட், கொஞ்சம்தான். மலையில் குலுங்கும். குலுங்கினால் விரலால் சுற்றின நட்டு என்ன செய்யும். இருந்தாலும் பகல்தானே, விளக்குப் போடமாட்டாள், விளக்குப் போடாதவரை பயமில்லை. இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் தலையை நிமிர்த்தினார். எதிரே தெரிந்துகொண்டிருந்த தேயிலைச் சரிவைக் காணோம். வெள்ளையாக என்னவோ சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தது. முதலில் கீழ் வரிசை சில்வர் ஓக் மரங்கள் போயின, அப்புறம் மேல் வரிசை, அப்புறம் வேலி.

"மஞ்சு எறங்கிருச்சு பாருங்க" என்றார் பக்கத்து நாற்காலி சம்பத். அவர் மனைவியும் ஒரு பழைய ஃபியட்டில் வந்துகொண்டிருந்தாள். சம்பத்தின் காரில்தான் மருதாசலம் முன்னாடியே மலையேறி வந்திருந்தார். தட்டில் பஜ்ஜியை வைத்துக்கொண்டு, எதைப் பற்றியும் கவலை இல்லாமல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற மனிதர். "கீழயும் இருக்குமுங்களா?" என்று கேட்டார் மருதாசலம். "குஞ்சப்பனைக்கு மேல இதே கதைதானுங்க சார். லைட்டப் போட்டுட்டு உருட்டிட்டு வந்துருவாங்க. பஜ்ஜி எடுத்துக்குங்க, சூடா இருக்குது." லைட்டைப் போட்டுக்கொண்டு. மருதாசலம் பஜ்ஜியை எடுத்தார். எடுத்ததைக் கையிலேயே வைத்திருந்தார், எண்ணெய் விரலிடுக்கில் இறங்கியது. இரண்டு பெரிய விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, டாஷ்போர்டு விளக்கு. மொட்டைமாடியில் பல்பு ஏற்ற ஏற்ற ஊசி கழித்தல் பக்கம் சாய்ந்ததே. எத்தனை பல்பு அது. சட்டைப்பையில் போன் இருந்தது, நெஞ்சுக்கு நேராக, அதன் எடை தெரிந்தது. எடுத்தார். அவள் பெயர் மேலேயே இருந்தது, காலையில் மேட்டுப்பாளையத்தில் எங்கே நிற்கிறாய் என்று கேட்டதுதான் கடைசி. கட்டைவிரலை அந்தப் பெயருக்கு மேலே வைத்தார், தொடவில்லை. கூப்பிட்டால் என்ன ஆகும். அவள் எடுப்பாள், அல்லது பக்கத்தில் உட்கார்ந்து வருகிற தாரணி எடுப்பாள். 'மாமாதான்' என்பாள் தாரணி. அம்சவேணி ஒன்றும் சொல்லமாட்டாள், ஓரம் கட்டுவாள். நட்டைத் தொட்டுப் பார்ப்பாள், இறுகியிருக்கும். தாமதம், மார்க் போச்சு, வீடு, உறை. அந்தக் காக்கி உறையின் நான்கு மூலையையும் அவள் இழுத்து இழுத்துக் கட்டியது அவருக்குத் தெரிந்தது. அதைப்போலத் தன்னையும் ஒருநாள் மூடிவிடுவாள் என்று அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றியது. "யாருக்குங்க சார், வீட்டுக்காரம்மாவுக்கா?" என்றார் சம்பத், போனைப் பார்த்து. போன வருஷத்துக் கதை எல்லாருக்கும் தெரியும். "இல்லீங்க, மணி பார்த்தேன்." "இன்னைக்காச்சும் அவங்கள நிம்மதியா ஓட்ட விடுங்க" என்று சிரித்தார் சம்பத். கெட்ட மனசோடு சொல்லவில்லை. மருதாசலமும் சிரித்தார். போனைப் பையில் போட்டார். போட்டபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கையில் கொடுத்த சத்தியத்தை ஒரு தடவையாவது காப்பாற்றிவிட்டேன், இந்த நடுக்கத்தை வாயைத் திறக்காமல் விழுங்கிவிட்டேன், வந்ததும் சொல்லுவேன், பார்த்தாயா, கூப்பிடவே இல்லை பார்த்தாயா என்று. அவள் சிரிப்பாள். அவள் சிரித்தால் முன்பல் ஒன்று மேலே ஏறித் தெரியும்.

வண்டிகள் வர ஆரம்பித்தன. முதலில் சத்தம்தான் வரும், பனிமூட்டத்துக்குள் எங்கோ முனகிக்கொண்டு, அப்புறம் மஞ்சளாய் இரண்டு மங்கல் வட்டம், அப்புறம் மூக்கு. ஒவ்வொரு சத்தத்துக்கும் மருதாசலம் எழுந்து நின்றார். அது ஆஸ்டின் இல்லை என்று தெரிந்ததும் முழங்காலைத் தடவிக்கொண்டு, சும்மா காலை நீட்டத்தான் எழுந்தேன் என்பதுபோல ஒரு நடை நடந்து உட்கார்ந்தார். கறுப்பு மோரிஸ் வந்தது. கைதட்டினார்கள். ஒரு ஜீப் வந்தது. சம்பத் மனைவியின் ஃபியட் வந்தது, சம்பத் தட்டை வைத்துவிட்டு ஓடினார். மருதாசலம் மனதுக்குள் மறுபடி ஷெட்டுக்குப் போய்ப் படுத்தார். காப்பி குடித்தாயிற்று. தாரணியிடம் பஸ்ஸைப் பற்றிக் கேட்டாயிற்று. டம்ளரைக் கீழே வைத்தாயிற்று. வைத்த கை எங்கே போனது? துணியை எடுத்தது. மீட்டரின் கண்ணாடியில் விரல் ரேகை விழுந்திருந்ததைத் துடைத்தது. முன்பக்கத்திலிருந்து துடைத்தார், டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்து அழகு பார்த்துக்கொண்டு. அம்சவேணி ஜன்னலில் கையூன்றி நின்று பார்த்தாள். "புதுப் பொண்ணு பொட்டு மாதிரி இருக்குதுங்க" என்றாள். அந்த வார்த்தையில் மயங்கி, ஸ்பேனரைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். சுற்றி வைத்தார். கை அதைச் செய்வது இப்போது கண்ணுக்கு முன்னால் தெளிவாகத் தெரிந்தது, மஞ்சுக்குள் விளக்கு தெரிகிற மாதிரி இல்லை, வெயிலில் தெரிகிற மாதிரி. படுக்கவில்லை. திரும்பப் படுக்கவே இல்லை. போனை எடுத்தார். இந்தத் தடவை விரல் தயங்கவில்லை, ஆனால் அந்தப் பக்கம் மணி அடிக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் அமைதியாகச் சொன்னாள். மறுபடி அழைத்தார். மறுபடியும் அதே பெண், அதே அமைதி. மலையில் அந்தப் பக்கம் டவர் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். கிடைக்கிற இடங்களையெல்லாம் அவள் தாண்டி வந்திருப்பாள், அப்போதெல்லாம் இவர் பஜ்ஜியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சம்பத்தின் மனைவி ஷாலைப் போர்த்திக்கொண்டு அவரிடம் வந்தாள். அவள் நடந்து வந்த விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணா, பயப்பட ஒண்ணுமில்லீங்க. அரவேனுவுக்குக் கீழ அம்சாக்கா வண்டி ஓரமா நின்னுட்டிருந்துச்சு. நான் ஸ்லோ பண்ணேன், தாரணி போங்க போங்கன்னு கையக் காட்டிட்டா." "பொகை வந்துச்சுங்களா?" என்றார். "மஞ்சுல பொகை எங்கீங்க தெரியுது" என்றாள் அவள். நியாயமான பதில்தான். மருதாசலம் நடக்க ஆரம்பித்தார். கிளப் கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு வந்து, இறக்கத்தில். சம்பத் பின்னாலிருந்து இருங்க சார், வண்டிய எடுக்கறேன் என்று கத்தியது கேட்டது, நிற்கவில்லை. செருப்பு ஈரத் தாரில் வழுக்கியது. முன்னால் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது, தள்ளத் தள்ள அது அதே தூரத்தில் நின்றது. துணி ஒயர். காட்டன் புடவை கட்டியிருந்தாளா, பட்டு மாதிரி என்னவோ பளபளத்ததே, நைலான் கலந்ததா. காலையில் அவளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, மீட்டரைத்தான் பார்த்தார். தாரணி உட்கார்ந்திருக்கிற பக்கத்துக் கதவின் கைப்பிடி கொஞ்சம் இறுகல், உள்ளிருந்து திறக்கும்போது தூக்கி இழுக்கவேண்டும், அது தாரணிக்குத் தெரியாது, அவளிடம் யாரும் சொல்லவில்லை. சத்தியமாம் சத்தியம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்குப் பெருமை வேறு. பழனி பஸ்ஸிலிருந்து இறங்கத் தெரிந்தவனுக்கு, தரையை முகர்ந்து பார்க்கத் தெரிந்தவனுக்கு, இன்றைக்கு மட்டும் என்ன கௌரவம். ஒரு திருப்பம் தாண்டினார். இன்னொன்று. மூச்சு நெஞ்சைக் கீறியது. எதிரே எஞ்சின் சத்தம் கேட்டது. அந்த எஞ்சினின் சத்தம் அவருக்குத் தெரியும்; ஆனால் விளக்கு இல்லை. வெள்ளைக்குள்ளிருந்து, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்ன வெளிச்சம் ஆடிக்கொண்டு வந்தது. தாரணி ஜன்னல் வழியாக உடம்பைப் பாதி வெளியே நீட்டிப் போன் டார்ச்சைப் பிடித்திருந்தாள். அதற்குப் பின்னால் ஆஸ்டின் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வந்தது. "ஓரம் போங்க, ஓரம் போங்க" என்றாள் தாரணி, யாரோ வழிப்போக்கனிடம் சொல்கிற மாதிரி. அப்புறம்தான் அவரை அடையாளம் தெரிந்து டார்ச்சை இறக்கினாள்.

அம்சவேணி ரோட்டோரம் நிறுத்தி இறங்கினாள். வலது கை ஆள்காட்டி விரலில் கைக்குட்டை சுற்றியிருந்தது. முகம் வெளுத்திருந்தது, மூக்கில் கரி. அவர் அவள் கையைப் பிடித்தார், விரலைப் பிரித்துப் பார்க்கப் பயந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம்தானுங்க சுட்டுச்சு. நட்டுன்னு தெரியாம தொட்டுட்டேன்" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. "பேட்டரி ஒயரக் கழட்டிப்போட்டு, அந்த ரெண்டு ஒயரையும் ஒண்ணாச் சேர்த்து முறுக்கினேன். மீட்டர் இல்லாட்டியும் வண்டி ஓடும்னு நீங்கதானே சோறு திங்கவிடாம சொல்லிட்டே இருப்பீங்க. லைட்டப் போட மட்டும் தைரியம் வரல." அவர் வண்டிக்குள் குனிந்து பார்த்தார். மீட்டரின் கண்ணாடிக்குள் புகை படிந்து பாதி முகப்பு பழுப்பாகியிருந்தது. ஊசி கழித்தல் பக்கம் விழுந்து கிடந்தது. பார்த்துவிட்டு நிமிர்ந்தார், அதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. "எப்பத் தெரிஞ்சுது?" என்றார். "குஞ்சப்பனை தாண்டி லைட்டப் போட்டதும் ஊசி ஆட ஆரம்பிச்சுது. இப்படி அப்படின்னு. நிறுத்தலாமான்னு இருந்துச்சு. போனப் பார்த்தேன். நீங்க கூப்பிடல."

"கூப்பிடக்கூடாதுன்னு சொன்னியே."

"சொன்னேன். சொன்னாலும் கூப்பிடுவீங்கன்னுதான் நெனச்சேன். ரெண்டு தடவ தாரணிகிட்ட கேட்டேன், மாமா கூப்பிட்டாரான்னு. இல்லைன்னா. இவருக்கே சந்தேகம் வரலைன்னா எல்லாம் சரியாத்தான் மாட்டியிருப்பாருன்னு, ஊசி புதுசுக்கு ஆடுதுன்னு நெனச்சுட்டு மிதிச்சுட்டே வந்தேன். பொகை வர்ற வரைக்கும்."

மருதாசலம் அவள் கையை விட்டார். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. அப்படியா, எனக்கும் தோன்றவே இல்லை அம்சா என்று சொன்னால் அதோடு போய்விடும். "எனக்குச் சந்தேகம் இருந்துச்சு" என்றார். "நீ கெளம்புனதுல இருந்தே. ரெண்டாவது நட்ட முறுக்கினமான்னு. அதையேதான் நெனச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்." அவள் அவரைப் பார்த்தாள். தாரணி டார்ச்சை அணைத்தாள். "தெரிஞ்சுட்டேவா உட்கார்ந்திருந்தீங்க" என்றாள் அம்சவேணி. கீழே எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திருப்பத்தில் ஏறியது. அவள் கேட்டது கோபத்திலா என்று அவருக்குத் தெரியவில்லை, கோபமாகத்தான் இருக்கவேண்டும், ஆனால் அவள் அவர் தோளில் ஒட்டியிருந்த ஈரத்தை இடது கையால் தட்டிவிட்டாள், பழக்கத்தில். பிறகு, "ஏறுங்க. கிளப்புல முடிவுக் கோட்டத் தாண்டணும்" என்றாள்.

கிளப்பில் அதே ஜட்ஜ் வந்து மீட்டரைக் குனிந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "இது ஒரிஜினலுங்களா?" "ஒரிஜினல்தானுங்க" என்றாள் தாரணி. "கருகினது மட்டும் இன்னைக்கு." யாரோ சிரித்தார்கள். கோப்பை கறுப்பு மோரிஸ்காரிக்குப் போனது. யாரோ விரலுக்கு மருந்து தடவிவிட்டார்கள். அம்சவேணி சாப்பிட்டாள், மற்ற பெண்களோடு பேசினாள், அவர் பக்கம் வரவில்லை. மருதாசலம் டாஷ்போர்டுக்கு அடியில் படுத்து, அவள் முறுக்கி வைத்திருந்த இரண்டு ஒயரையும் பார்த்தார். நன்றாகத்தான் முறுக்கியிருந்தாள். சம்பத்திடம் டேப் வாங்கிச் சுற்றினார். அதன்மேல் இன்னொரு சுற்று, அதன்மேல் இன்னொன்று.

மத்தியானம் மஞ்சு விலகி, தேயிலையெல்லாம் கழுவின மாதிரி பளிச்சென்று கிடந்தது. மருதாசலம் பின்கதவைத் திறந்தார். அவர் எப்போதும் பின்னால்தான் உட்காருவார்; முன்னால் உட்கார்ந்தால் அவள் மிதிக்குமுன்னே இவர் கால் பிரேக் மிதிக்கும், அது அவளுக்கு எரிச்சல். "முன்னால வாங்க" என்றாள் அம்சவேணி. தாரணி பின்னால் ஏறிக்கொண்டாள். அவர் முன்னால் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார், மறுபடி திறந்து சாத்தினார். அவள் எஞ்சினை ஓடவிட்டு, கட்டுப்போட்ட விரலைத் தூக்கியபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல் பேசினாள். "இனிமே சத்தியமெல்லாம் வேண்டாம். மனசுல என்ன தோணுதோ சொல்லிப்போடுங்க. நிறுத்தறதா வேண்டாமான்னு நான் பார்த்துக்கறேன். சொல்லாம மட்டும் இருக்காதீங்க." "எத்தனை தடவ சொல்றதாம்?" என்றார். "தோணற தடவ." அவர் தலையாட்டினார். வண்டி கேட்டைத் தாண்டி இறக்கத்தில் இறங்கியது. முதல் திருப்பத்துக்கு முன்னாலேயே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. வழக்கம்போல அதை விழுங்கப் பார்த்தார், முடியவில்லை. "பின்கதவு சரியாச் சாத்தலையோன்னு தோணுது." அவள் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாள். "சாத்தியிருக்குங்க." திரும்பினாள். "பிரேக் ஆயில்?" "காலைல பார்த்தேன்." இன்னொரு திருப்பம். அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் சொன்னது ஒவ்வொன்றும் சொன்ன இடத்திலேயே இறங்கிப் பின்னால் நின்றுவிட்டது, கூட வரவில்லை. அரவேனு நெருங்கும்போது அவர் மூக்கு விடைத்தது. "அம்சா, என்னமோ கருகற வாசம்." அவள் வேகத்தைக் குறைத்தாள், ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினாள். டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து முகர்ந்தாள். கதவைத் திறந்து இறங்கி, காற்றில் முகத்தைத் தூக்கி முகர்ந்தாள். கீழே சரிவில் தகரக் கூரை போட்ட ஃபாக்டரி, அதன் குழாயிலிருந்து புகை. "தேயிலை வறுக்கறாங்க" என்றாள். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். மருதாசலம் அடுத்ததை யோசிக்க ஆரம்பித்திருந்தார்.